ஒத்திக்கு வீடு எடுக்குறதுக்கு முன்னாடி

திண்டுக்கல்ல எந்தத் தெருவுல நடந்தாலும் ஏதாவது ஒரு கேட்டுல மார்க்கர்ல எழுதின அட்டை ஒண்ணு தொங்கும். "வீடு ஒத்திக்கு விடப்படும்", கீழ ஒரு செல் நம்பர். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஒன்பதாவது படிக்கிற வரைக்கும் யாரோ டிராமா ஒத்திகைக்கு வீடு குடுக்குறாங்கன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். சிரிக்காதீங்க. உங்கள்ல எத்தனை பேருக்கு ஒத்தின்னா என்னன்னு சட்டப்படி சொல்லத் தெரியும்? எனக்குத் தெரிய வந்தது எங்க வீட்டுக் கேட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கு. அந்தக் கதை கொஞ்சம் கழிச்சு வருது. முதல்ல பாடம்.

ஒத்தி என்பது ஒற்றி. காற்று காத்து ஆன மாதிரி, நேற்று நேத்து ஆன மாதிரி, ஒற்றி ஒத்தி ஆயிருக்கு. அடமானம்னு அர்த்தம். வீட்டுக்காரருக்கு மொத்தமா ஒரு தொகை குடுக்குறோம். மாச வாடகை கிடையாது. ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ குடியிருக்கோம். கடைசியில குடுத்த தொகையை ஒரு பைசா கூடாம குறையாம திரும்ப வாங்கிட்டு சாவியைக் குடுக்குறோம். நம்ம காசுக்கு அவர் வட்டி தர வேண்டாம், அவர் வீட்டுக்கு நாம வாடகை தர வேண்டாம். வட்டியும் வாடகையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. மதுரை, திண்டுக்கல் பக்கம் ஒத்தி. சென்னையில இதையே லீஸுன்னு சொல்றாங்க. பத்திரத்துல போக்கியம், சுவாதீன அடமானம்னு இருக்கும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவுல அடமான வகைகளை வரிசையா சொல்லுது. அதுல ஒண்ணு இது.

இது நம்ம ஊர் கண்டுபிடிப்பு மட்டும் இல்ல. கே-டிராமா பார்க்குறவங்க "ஜியோன்சே"ன்னு ஒரு வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. தென்கொரியாவுல வீட்டு விலையில பாதிக்கும் மேல டெபாசிட்டாக் குடுத்துட்டு, வாடகை இல்லாம ரெண்டு வருஷம் இருக்குறது. அதேதான். பொலிவியாவுலயும் இருக்கு.

இப்போ நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி, கணக்கு. ஒத்தித் தொகை 5 லட்சம்னு வைங்க. அதே தெருவுல அதே மாதிரி வீட்டுக்கு வாடகை மாசம் 5,000. வருஷத்துக்கு 60,000 மிச்சம். 5 லட்சத்துக்கு 60,000 என்றால் 12 சதவீதம். எந்த எஃப்.டி.யும் இவ்வளவு தராது, அப்போ ஒத்திதான் லாபம்னு எல்லாரும் இங்கேயே கால்குலேட்டரை மூடிடுவாங்க. மூடாதீங்க. அந்த 5 லட்சம் எங்க இருந்து வந்துச்சு?

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். அப்பா மில்லுல ஷிப்ட் வேலை. பேங்க்ல அம்மா நகையை வெச்சு 3 லட்சம், 9 சதவீதம். அதுக்கு வருஷ வட்டி 27,000. தெரிஞ்சவர்கிட்ட 1 லட்சம், ரெண்டு வட்டி. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா, அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம், 24,000. மீதி 1 லட்சம் சீட்டுல எடுத்தது. ஏலத்துல தள்ளின காசை விட்டுடுவோம். மொத்த வட்டி 51,000. மிச்சமான வாடகை 60,000. ஆக வருஷத்துக்கு 9,000 ரூபா லாபத்துக்காக 5 லட்சத்தை இன்னொருத்தர் கையில குடுத்தோம். இந்தக் கணக்கை நான் போட்டது எல்லாம் முடிஞ்ச பிறகு. ஏழாங்கிளாஸ் தனிவட்டிக் கணக்குதான். ஆனா அதை நம்ம வீட்டுக்குப் போட்டுப் பார்க்கணும்னு யாரும் சொல்லித் தரல.

சரி, இப்போ எதிர்ப்பக்கத்துல உட்கார்ந்து யோசிங்க. ஒரு வீட்டுக்காரர் ஏன் மாச வாடகை வேண்டாம்னு மொத்தத் தொகை கேக்குறார்? மாடி எடுக்கணும். பொண்ணுக்குக் கல்யாணம். பழைய கடனை அடைக்கணும். எதுவா இருந்தாலும் அவருக்கு இப்போ பணம் தேவை. பேங்க்ல கிடைச்சிருந்தா அங்க வாங்கியிருப்பார். சில பேர் வாங்கி முடிச்சிட்டு, அதுவும் பத்தாமத்தான் நம்மகிட்ட வர்றாங்க. எல்லா வீட்டுக்காரரும் இப்படின்னு சொல்லல. வாடகையை மாசாமாசம் கேட்டு அலைய முடியாதுன்னு ஒத்திக்கு விடுற வயசானவங்களும் இருக்காங்க. ஆனா ஒத்திக்கு வர்ற வீடு கடன்ல இருக்கிற வீடாகவும் இருக்கலாம்னு தொடக்கத்துலயே நினைச்சுக்கிறது நல்லது. நாம குடித்தனம் போறோம்னு நினைக்கிறோம். உண்மையில நாம ஒருத்தருக்குக் கடன் குடுக்குறோம். 5 லட்சம் கடன் குடுக்குற பேங்க் என்னென்ன பார்க்கும்? மூலப் பத்திரம் பார்க்கும், வில்லங்கம் பார்க்கும், வக்கீல்கிட்ட ஒப்பீனியன் வாங்கும், அப்புறம் பதிவு பண்ணும். நாம என்ன பார்த்தோம்? தண்ணி வருதா, பாத்ரூம்ல டைல்ஸ் இருக்கான்னு பார்த்தோம்.

நாங்க ஏன் கேக்கலன்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடுறேன்.

வீடு தேடும்போது புரோக்கர் முதல்ல கேக்குறது பட்ஜெட். அடுத்தது "நீங்க என்ன ஆளுக?" நேராக் கேக்காதவங்க "பூர்வீகம் எது, எந்தத் தெரு"ன்னு சுத்தி வருவாங்க. பேரைக் கேட்ட உடனே சில பேருக்கு முடிவு தெரிஞ்சிடும், அடுத்த கேள்வியே வராது. நம்ம ஊர்ல பேகம்பூர்ல பள்ளிவாசல், நாகல்நகர்ல சௌராஷ்ட்ரா மக்கள், அந்தப் பக்கம் சர்ச், இந்தப் பக்கம் கோட்டை மாரியம்மன்னு எல்லாரும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கோம். ஆனா ஒருத்தர் தெருவுல இன்னொருத்தருக்கு வீடுன்னு வந்தா இந்தக் கேள்வி நடுவுல வந்து நிக்கும். எங்களுக்கு மூணு வீடு அந்தக் கேள்விக்கு அப்புறம் இல்லைன்னு ஆச்சு. ஒரு அம்மா, "நேத்துத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்"னு சொன்னாங்க. அடுத்த வாரமும் அந்த அட்டை அதே கேட்டுல தொங்கிச்சு. நாங்க என்ன பதில் சொன்னோம்னு இங்க எழுதல. அது உங்களுக்குத் தேவையும் இல்ல.

இதுக்குச் சட்டம் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். அரசியலமைப்புச் சட்டத்தோட 15-ஆவது உறுப்பு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம்னு சொல்லி அங்கெல்லாம் மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாதுங்குது. தனியார் வாடகைக்கு விடுற வீடு அந்த வரிசையில இல்ல. அமெரிக்காவுல 1968-ல ஃபேர் ஹவுசிங் ஆக்ட் வந்து இனம், நிறம், மதம் பார்த்து வீடு மறுக்கிறதைத் தடை பண்ணிச்சு. பிரிட்டன்ல 1965-ல வந்த இனப் பாகுபாட்டுச் சட்டத்துல வீட்டைச் சேர்க்காம விட்டுட்டாங்க. 1968-ல வந்த அடுத்த சட்டத்துலதான் சேர்த்தாங்க. நம்ம மாநிலத்துல நில உரிமையாளர், குடித்தனக்காரர் உரிமைகள் பற்றி 2017-ல ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும், வேற மாதிரி ஒப்புக்கிட்டா ஒழிய அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல போகக் கூடாதுன்னு நல்ல விஷயங்கள் அதுல இருக்கு. வேலை கிடைச்சு சென்னைக்குப் போறவங்க அதைப் படிச்சிட்டுப் போங்க. "என்ன ஆளுக"ன்ற கேள்வியைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.

நாலாவதாப் பார்த்த வீட்டுக்காரர் எதுவுமே கேக்கல. அம்மாவுக்கு டீ குடுத்தார். "எப்ப வேணா பால் காய்ச்சிக்கங்க"ன்னார். வெளிய வந்ததும் அம்மா, "மனுசன்னா இப்படி இருக்கணும்"னு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. அவர் எங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. அதனால நாங்களும் அவர்கிட்ட ஒண்ணும் கேக்கல. பத்து வீடு திறந்திருக்கிறவங்க "வில்லங்கம் காட்டுங்க"ன்னு தைரியமாக் கேப்பாங்க. ஒரே ஒரு கதவு திறந்தவங்களுக்கு அந்தக் கதவும் மூடிடுமோன்னு பயம்.

எழுதினது நூறு ரூபாய்ப் பத்திரத்துல. மேல "வீட்டு ஒத்தி ஒப்பந்தம்"னு தலைப்பு, கீழ ரெண்டு சாட்சி, நோட்டரி சீல். காலம் 11 மாசம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம்னு ஒரு வரி. ஏன் 11? ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியாகணும்னு 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதைத் தவிர்க்கத்தான் ஊரெல்லாம் 11.

ரெண்டாவது வருஷம் ஒரு சாயங்காலம் காலேஜ்ல இருந்து வந்தேன். கேட்டுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. அம்மா பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்க. இங்கிலீஷ். வீட்டுல அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான். வீட்டுக்காரர் ஒரு பேங்க்ல வாங்கின கடனைக் கட்டல, அதனால இந்தச் சொத்தை பேங்க் சுவாதீனம் எடுத்திருக்குன்னு அதுல இருந்தது. அதை அம்மாவுக்குத் தமிழ்ல சொல்ல எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் பீரோவுல இருந்து நம்ம ஒத்திப் பத்திரத்தை எடுத்தாங்க. அது தமிழ்ல இருந்தது. "ஷை சொத்து", "யாதொரு வில்லங்கமும் இல்லை"ன்னு பழைய நடை. அது எனக்குப் புரியல. அப்பாவுக்குப் புரிஞ்சது, ஆனா அவருக்கு நோட்டீஸ் புரியல.

அந்த நோட்டீஸ் பின்னாடி இருக்கிறது 2002-ஆம் வருஷ சர்பேசி சட்டம். கடன் தவணை 90 நாள் கட்டாம விட்டா வாராக் கடன்னு பேங்க் எழுதும். அப்புறம் 60 நாள் அவகாசம் குடுத்து நோட்டீஸ் அனுப்பும். அது வீட்டுக்காரருக்குப் போகும், நமக்குத் தெரியாது. அப்பவும் கட்டலன்னா சுவாதீன நோட்டீஸை வீட்டுல ஒட்டி, ரெண்டு பேப்பர்ல விளம்பரம் குடுக்கும். குடியிருக்கிறவருக்கு அந்த ஒட்டுற பேப்பர்தான் முதல் தகவல். உடனே தூக்கி வெளிய போட மாட்டாங்க. ஆளை இறக்கணும்னா கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கிட்டு வரணும். நமக்கு ஆட்சேபம் இருந்தா 45 நாளுக்குள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்குக் கிட்ட இருக்கிறது மதுரை. ஆனா அங்க போய் என்னத்தைக் காட்டுறது? இங்கதான் பத்திரத்தோட வேலை.

மூணு விஷயம் சொல்றேன். கொஞ்சம் பொறுமையாப் படிங்க, இதுதான் கட்டுரையே.

சொத்து மாற்றுச் சட்டம் 59-ஆம் பிரிவு: நூறு ரூபாயோ அதுக்கு மேலயோ உள்ள அடமானம் எழுத்துல இருக்கணும், ரெண்டு சாட்சி வேணும், பதிவு பண்ணியிருக்கணும். (மூலப் பத்திரத்தையே ஒப்படைச்சு வாங்குற அடமானத்துக்கு மட்டும் விலக்கு.) எங்க 5 லட்ச ரூபாய் ஒத்தி பதிவாகல. அதனால அது சட்டப்படி ஒத்தியே இல்ல. தலைப்புல ஒத்தின்னு பெருசா எழுதியிருந்தாலும் அந்த வீட்டு மேல எங்களுக்கு எந்தப் பிடிமானமும் கிடையாது. காசு வாங்கினார்னு காட்ட உதவும், அவ்வளவுதான். பதிவு பண்ணினா ஒத்தித் தொகையில சில சதவீதம் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம்னு போகும். வீட்டுக்காரரும் வேண்டாம்பார், புரோக்கரும் வேண்டாம்பார். அந்தச் சில சதவீதத்தை மிச்சம் பிடிக்கத்தான் நூறு ரூபாய்ப் பத்திரம்.

அடுத்து 48-ஆம் பிரிவு. ஒரே சொத்து மேல ரெண்டு பேருக்கு உரிமை குடுத்திருந்தா முதல்ல வாங்கினவருக்குத்தான் முன்னுரிமை. பேங்க் கடன் எங்களுக்கு முந்தினது. நாங்க பதிவே பண்ணியிருந்தாலும் பேங்குக்கு அப்புறம்தான் எங்க வரிசை.

மூணாவது 65ஏ. இது எனக்கே ஆச்சரியமா இருந்தது. அடமானத்துல இருக்கிற வீட்டை வாடகைக்கு விட வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கு, ஆனா சில நிபந்தனையோட. கட்டடம்னா மூணு வருஷத்துக்கு மேல விடக் கூடாது. நியாயமான முழு வாடகைக்கு விடணும். மொத்தத் தொகை எதுவும் வாங்கக் கூடாது, வாடகையை முன்கூட்டியும் வாங்கக் கூடாது. மறுபடி படிங்க. ஒத்தின்னா என்ன? வாடகையே இல்லாம மொத்தத் தொகை வாங்குறது. அதாவது பேங்க் கடன் இருக்கிற வீட்டை, பேங்க் சம்மதம் இல்லாம ஒத்திக்கு விட்டா, பேங்க் அதை ஏத்துக்க வேண்டிய அவசியமே இல்ல.

கொரியாவுலயும் இதே பள்ளத்துல விழுந்தாங்க. அங்க 1981-லயே குடித்தனக்காரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. குடிபோன உடனே முகவரியைப் பதிஞ்சு, ஒப்பந்தத்துல அரசாங்கத் தேதி முத்திரை வாங்கிட்டா, டெபாசிட்டுக்கு வரிசையில இடம் உண்டு. அப்படி இருந்தும் 2022-ல இருந்து வீட்டு விலை இறங்கி, டெபாசிட்டைத் திரும்பக் குடுக்க முடியாம நிறைய வீட்டுக்காரங்க கையை விரிச்சாங்க. நூத்துக்கணக்குல வீடு வெச்சிருந்து ஏமாத்தினவங்களும் உண்டு. 2023-ல பாதிக்கப்பட்டவங்களுக்காகத் தனிச் சட்டமே போட்டாங்க. நம்ம ஊர்ல எத்தனை பேர் எவ்வளவு ஒத்திக்குக் குடுத்திருக்காங்கன்னு எந்த ரிஜிஸ்டர்லயும் இருக்காது. எல்லாம் பீரோவுக்குள்ள இருக்கிற நூறு ரூபாய்ப் பத்திரம்.

அப்போ என்ன பண்ணணும்? வீடு பிடிச்சதும், காசு பேசுறதுக்கு முன்னாடி, மூலப் பத்திரத்தோட ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்க. ஜெராக்ஸ்தான் இருக்கு, ஒரிஜினல் அண்ணன்கிட்ட, லாக்கர்ல, ஊர்லன்னு பதில் வந்தா அது பேங்க்ல இருக்குன்னு எடுத்துக்கங்க. எங்க வீட்டுக்காரர் ஜெராக்ஸைக்கூடக் காட்டல, நாங்க கேக்கவும் இல்ல. அப்புறம் வில்லங்கச் சான்று. வில்லங்கம்னா வம்பு இல்ல, அந்தச் சொத்து மேல பதிவான எல்லாத்தையும் சொல்ற பட்டியல். பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் தளத்துல சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு போட்டா வந்துடும். பார்க்குறதுக்குக் காசு இல்ல. அஞ்சு வருஷத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்துட்டு விட்டுடாதீங்க, முப்பது வருஷம் போடுங்க. அதுல அடமானம்னு இருந்து, அதுக்கு ரசீது பதிவாகலைன்னா கடன் இன்னும் இருக்கு. பத்திரத்தை ஒப்படைச்சு வாங்கின கடன் எல்லாம் வில்லங்கத்துல வரணும்னு இல்ல. அதுக்கு செர்சாய்னு ஒரு மத்தியப் பதிவகம் 2011-ல இருந்து இருக்கு, அங்க சின்னக் கட்டணம் கட்டித் தேடலாம். பட்டாவோ, டவுனுக்குள்ளன்னா நகர நில அளவைப் பதிவேடோ எடுத்து, நம்மகிட்ட கையெழுத்துப் போடுறவர் பேருதான் அதுல இருக்கான்னு பாருங்க. அப்பா பேருல வீடு இருக்கும், அஞ்சு பிள்ளைங்கள்ல ஒருத்தர் ஒத்திக்கு விடுவார். அது இன்னொரு கதை.

காசை பேங்க் வழியாவே குடுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன், டெபாசிட்னு ரொக்கமா வாங்குறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. அவருக்குத்தான் அபராதம், ஆனா ஆதாரம் இல்லாம நிக்கப் போறது நாம. 5 லட்சத்துல 3 லட்சம் மட்டும் பத்திரத்துல போட்டுக்கலாம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

போறதைவிட வர்றதுதான் கஷ்டம். மூணு மாசம் முன்னாடி சொன்னாலும், "அடுத்த ஒத்திக்காரர் வந்ததும் தர்றேன்"னுதான் பதில் வரும். அவர் காசுலதான் நம்ம காசு. பதிவான ஒத்தியில வீட்டை ஏலம் போடச் சொல்லி நாம வழக்குப் போட முடியாது, ஆனா காசு வர்ற வரைக்கும் வீட்டை நம்ம கையில வெச்சுக்கலாம். வீட்டுல இருக்கிறதுதான் நம்ம பிடி. அதனால சாமான் ஏத்தின வண்டி வாசல்ல நின்னாலும், அக்கவுண்ட்ல பணம் விழுந்த மெசேஜ் வராம சாவியைக் குடுக்காதீங்க. பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்களுக்கு, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு வெச்சிருக்கவங்களுக்கு, சாவியைப் பத்தி நான் சொல்லணுமா.

எங்க கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லன்னு அம்மா இப்பவும் சொல்றாங்க. வேற ஒரு இடத்தை வித்து மூணரை லட்சம் குடுத்தார். மீதி ஒன்றரை லட்சத்துக்கு புரோநோட்டு எழுதிக் குடுத்தார். அதுக்கு மூணு வருஷம்தான் ஆயுள், அதுக்குள்ள வழக்குப் போடணும், இல்லன்னா அவர் ஒரு பகுதி கட்டி கையெழுத்துப் போட்டுத் தரணும். போன மாசம் அப்பா போய் 10,000 வாங்கிட்டு, நோட்டுக்குப் பின்னாடி தேதியோட வரவு எழுதி கையெழுத்து வாங்கிட்டு வந்தார். நகையில ரெண்டு வளையல் இன்னும் பேங்க்லதான். இப்போ வாடகை வீட்டுல இருக்கோம், மாசம் 5,500.

உங்க வீடோ, உங்க அக்கா வீடோ ஒத்தியில இருந்தா, இன்னைக்கு ராத்திரி அந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. பதிவு எண் இருக்கா, சர்வே எண் இருக்கா? வில்லங்கம் போட்டுப் பார்க்கத் தெரியலன்னா வெள்ளிக்கிழமை லஞ்ச் பிரேக்ல லைப்ரரி கம்ப்யூட்டர் பக்கம் இருப்பேன். சர்வே எண்ணை மட்டும் சரியா எழுதிட்டு வாங்க. பத்திரத்துல "ஷை"ன்னு வந்தா பயப்படாதீங்க, "மேற்படி"ன்னு அர்த்தம்.